கதவு விழுந்த காலை

“கதவை எப்ப எறக்கோணும், அம்மிணி?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

மாராயி மரவள்ளித் தோட்டத்தில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“பட்டி கட்டியாச்சுங்களா?”

“இன்னும் இல்ல.”

“சோளம் போட்டுப் பழக்கியாச்சுங்களா?”

“இன்னும் இல்ல.”

பக்கத்தில் நின்ற செடி ஒன்றின் தண்டைப் பிடித்து வேரோடு பிடுங்கினாள். நட்டு ஐந்து மாதம் ஆன செடி. வேரில் பெருவிரல் பருமனில் நான்கு கிழங்கு தொங்கியது. அதை அவர் முன்னால் நீட்டினாள். அவர் பார்த்து முடித்ததும் அதே குழியில் திரும்ப ஊன்றி, சுற்றிலும் மண்ணை மிதித்தாள்.

“இது இனி வராதுங்ணா,” என்றாள்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு நாற்பது ஆகவில்லை. காட்டுப்பன்றி பிடிக்க அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் அவர்தான் மூத்தவர். அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பள்ளம்தான்; மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும். இக்கரையில் அவர் நிலம், அக்கரையில் அவளுடையது. அப்படியிருந்தும் எல்லோருக்கும் கடைசியாக வந்தவரும் அவர்தான்.

மூன்று வருடத்தில் அவள் பட்டியில் நாற்பதுக்கும் மேல் அகப்பட்டிருந்தன. அகப்பட்டதும் சொல்லி அனுப்புவாள். வனத்துறை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய் உள்காட்டில் விடும். ஏழு ஊரிலிருந்து ஆட்கள் வந்து அவளிடம் கேட்டுப் போனார்கள்.

நாச்சிமுத்துவுக்கு இரண்டு போகம் மக்காச்சோளம் போயிருந்தது. மூன்றாவது இப்போது முழங்கால் உயரத்தில் நின்றது. இதுவும் போனால் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூரில் மகனோடு போய் இருப்பது என்று மனைவி பொன்னாத்தா முடிவு செய்துவிட்டாள். மகன் குடியிருந்தது ஒற்றை அறை. அந்த அறையில் தன் கட்டிலை மனத்துக்குள்ளேயே பல மூலைகளில் போட்டுப் பார்த்துவிட்டார் அவர். எப்படிப் போட்டாலும் கால் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அதனால்தான் பள்ளத்தைத் தாண்டினார்.

முதலில் எண்ணிக்கொண்டு வரச் சொன்னாள்.

பட்டி வேண்டாம், கம்பி வேண்டாம். ஊறிப் புளித்த மக்காச்சோளத்தைப் பொழுது சாய வெறும் தரையில் கொட்ட வேண்டும். விடிந்ததும் போய்க் குளம்புத் தடத்தைப் பார்த்து, வந்தது எத்தனை என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் பத்து என்றார். அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

நான்காம் நாள் பன்னிரண்டு என்றார். ஒவ்வொரு தடத்தையும் குச்சியால் கோடு போட்டு எண்ணியதாகவும் சொன்னார். போய் இன்னொருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

ஒரு பெண்பிள்ளையிடம் இந்த வயதில் கணக்குத் தப்பி நிற்பது அவருக்குச் சுருக்கென்றது. இருந்தும் போனார்.

ஏழாம் நாள் விடியலில், சோளம் கொட்டிய இடத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி, வேலமரத்தடியில், வேறொரு தடத்தைப் பார்த்தார். மற்றவற்றைவிட ஆழமானது. வந்த வழி தெரிந்தது, போன வழி தெரிந்தது. நடுவே ஒரே இடத்தில் மண் இறுகிக் கிடந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றிருக்கிறது. சோளத்தின் பக்கம் ஓர் அடிகூட வைக்கவில்லை.

“பதிமூணு,” என்றார். “ஒண்ணு தள்ளி நின்னு பாக்குது. திங்கறதே இல்ல.”

அன்றைக்குத்தான் மாராயி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அவதானுங்ணா கூட்டத்துக்குப் பெரியவ. நீங்க மொத நாள் கேட்டீங்களே, அதுக்கு அவதான் பதில். அவ உள்ள வந்து, தலையைக் குனிஞ்சு, வாலை ஆட்டிட்டுத் திங்கற அன்னிக்குக் கயித்தை உடுங்க.”

“அதுக்கு எத்தன நாளாகும்?”

“அவளைத்தான் கேக்கோணும்.”

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு பக்கமாகக் கம்பித் தட்டி நிறுத்தச் சொன்னாள். ஒரு பக்கம் நிறுத்தினால் பன்றிகள் நான்கு நாள் எட்டிப் பார்க்காது. ஐந்தாம் நாள் வரும். அப்புறம் அந்தத் தட்டியை மரம்போல நினைத்துக்கொள்ளும். அப்போது அடுத்த பக்கம். கடைசியில் கதவு. இரும்புத் தகடு, இரண்டு தூண்களுக்கு நடுவே மேலே தூக்கிக் கட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனை பரண்மேல் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும்.

இன்னொன்றும் சொன்னாள். இதை மட்டும் இரண்டு முறை சொன்னாள். அந்தப் பதின்மூன்றும் அவளுடைய பட்டிக்கும் வருகிற கூட்டம்தான். ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே. எந்தக் கரையில் அகப்பட்டாலும் இரண்டு கரைக்கும் நல்லது. ஆனால் கதவு விழுந்தால் அன்றைக்கே மற்ற பட்டிக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும்.

“நல்லா உழுந்தாலும் சொல்லோணும். மோசமா உழுந்தாலும் சொல்லோணும்,” என்றாள்.

தப்பிப் போனது எந்தக் கதவைப் பார்த்தாலும் மிரளும். சேதி கிடைத்தால் மற்றவர்கள் அன்றைக்கே தங்கள் கதவைக் கழற்றி வீசிவிட்டு, வெறும் சோளத்தை மட்டும் வைத்துக்கொண்டிருப்பார்கள். பசிக்கு வந்து தின்னும். பயம் மெல்ல மறக்கும். சேதி கிடைக்காதவன் கதவைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கதவைப் பார்த்த பன்றி திரும்பி அவன் பயிரில் இறங்கும்.

நாச்சிமுத்து தலையாட்டினார்.

பட்டி கட்டி முடித்துக் கதவு தொங்கி இருபது நாள் ஆயிற்று.

பன்னிரண்டு பன்றிகளும் பட்டிக்குள் கூச்சமில்லாமல் வந்து தின்றுவிட்டுப் போயின. பெரியவள் மட்டும் வேலமரத்தடியிலேயே நின்றாள். சோளம் வாளி வாளியாகக் கரைந்தது. வீட்டில் எருமைக்கு வைத்திருந்ததையும் பொன்னாத்தாவுக்குத் தெரியாமல் எடுத்து ஊறப்போட்டார்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது.

டீக்கடையில் அவருடைய மச்சான் அப்புக்குட்டி இருந்தான். பொன்னாத்தாவின் தம்பி. வாய் சும்மா இருக்காது. மச்சான் பன்றிக்குப் பந்தி போடுகிறாராமே, வாழையிலை வேண்டுமா, தோப்பிலிருந்து அறுத்து அனுப்பட்டுமா என்று ஆரம்பித்தான். சர்க்கரை நோய் வந்துவிடப் போகிறது, பன்றிக்குப் பார்த்துப் போடுங்கள் என்றான் இன்னொருவன். நாச்சிமுத்துவும் கூடச் சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் நீளும்.

கிளம்பும்போது அப்புக்குட்டி எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, பவ்யமாகச் சொன்னான்.

“குட்டிகளுக்குக் காது குத்தற தேதியை முன்னாடியே சொல்லி உடுங்க மச்சான். தாய்மாமன் நானு. சீரோட வரோணுமில்ல?”

கடை முழுக்கச் சிரித்தது. டீ ஆற்றுகிறவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு வீடுவரை வந்தது. சோற்றில் கை வைத்தபோது தட்டில் இருந்தது. படுத்தபோது தலைமாட்டில் இருந்தது.

மறுநாள் கருக்கலிலேயே பரண் ஏறினார்.

வெளுக்கும் நேரத்துக்கு வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக எட்டு பட்டிக்குள் நுழைந்தன. நான்கு வெளியே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. பெரியவள் மரத்தடியில் நின்றாள்.

அவரும் காத்திருந்தார், அவளும் காத்திருந்தாள். அவளுக்கு அவசரமில்லை. அவளைப் பார்த்துச் சிரிக்க டீக்கடையில் யாருமில்லை.

எட்டு என்று எண்ணினார். எட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் அப்புக்குட்டி வாயை மூடுவான்.

கயிறு நழுவிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நழுவவில்லை. விட்டார்.

கதவு இறங்கத் தொடங்கியதும் பெரியவள் ஒரு சத்தம் கொடுத்தாள். இருமல் மாதிரி ஒன்றே ஒன்று. உள்ளே இருந்தவற்றில் நான்கு, தகடு தரையைத் தொடுவதற்குள் அதன் அடியில் புகுந்து வெளியேறின. நான்கு மாட்டிக்கொண்டன. முதுகுக் கோடு இன்னும் முழுதாக அழியாத குட்டிகள். கம்பியில் ஓடி ஓடி முட்டின. மூக்கில் ரத்தம் வந்தது.

பெரியவள் ஓடவில்லை. நின்று கதவைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தூணைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கயிறு போய்ச் சேர்ந்த பரணைப் பார்த்தாள். பிறகு நிதானமாகத் திரும்பிப் பள்ளத்தில் இறங்கினாள். மற்றவை அவள் பின்னால் போயின.

வண்டிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வண்டி வந்தால் ஊர் வரும். இரண்டு மாதம் பந்தி போட்டவர் பட்டியில் கைக்குழந்தைபோல நான்கு குட்டி இருப்பதை ஊர் சுற்றி நின்று பார்க்கும். தாய்மாமனும் வருவான்.

நாச்சிமுத்து பரணிலிருந்து இறங்கினார். நாலா பக்கமும் பார்த்தார். கதவைத் தூக்கிப் பிடித்தார்.

குட்டிகள் அவர் காலுக்கு இடையில் ஓடிப் பள்ளத்துக்குள் மறைந்தன.

கதவைப் பழையபடி மேலே ஏற்றிக் கட்டினார். ரத்தம் விழுந்த இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டார். வேப்பங்கொப்பு ஒடித்துத் தடத்தையெல்லாம் கூட்டினார். கூட்டி முடித்ததும் தரை, ஒன்றுமே நடக்காத தரையாக இருந்தது.

சூரியன் வந்தது. அக்கரையில் மாராயி வாளியோடு தன் பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

பொழுது சாயச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பொழுது சாய்ந்ததும், களைத்துப் போயிருப்பாள், காலையில் சொல்லலாம் என்று தோன்றியது. காலையில் அவள் வாசலில் யாரோ இருந்தார்கள். எதற்கும் ஒரு வேளை உண்டு, அவசரப்படக் கூடாது, அவள்தானே சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அவளே பள்ளத்தைத் தாண்டி வந்தாள்.

கண் சிவந்திருந்தது. இரண்டு நாளாகக் கூட்டம் தன் பட்டி வாசல்வரை வந்து திரும்பிவிடுவதாகச் சொன்னாள். கதவுக்கு நேரே வந்ததும் அத்தனை தடமும் ஒன்றாக நின்று பின்வாங்கியிருக்கிறது. நேற்று மேற்கு மூலையில் இரண்டு வரிசைக் கிழங்கைக் கிளறிப் போட்டுவிட்டன.

அவர் மண்வெட்டியின் காம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க கதவு ஏதாச்சும் உழுந்துச்சுங்களாண்ணா?”

“இல்ல அம்மிணி,” என்றார். “அப்படியேதான் நிக்குது.”

அவர் வாய் அதைச் சொல்லி முடித்துவிட்டது. திருப்பி எடுக்க ஒரு கணம் இருந்தது. அந்தக் கணமும் போயிற்று.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவருடைய பட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அப்ப என் பட்டியிலதான் ஏதோ தப்பு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததையெல்லாம் அவர் இக்கரையிலிருந்து பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. எந்த வரப்பில் நின்றாலும் தெரிந்தது.

ஊறப்போட்ட சோளத்தை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊறப்போட்டாள். பீப்பாயில் ஏதோ வாடை என்று அதைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அந்தப் பீப்பாயையே தூக்கிப் போட்டுவிட்டு மண்பானை கொண்டுவந்தாள். சத்தம் கேட்கிறதோ என்று கண்ணாடி வளையலைக் கழற்றினாள். தேங்காய் எண்ணெய் வைக்காமல் தலையைப் பறக்கவிட்டுக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் பட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு காலையும் கிழங்கு இரண்டு வரிசை, மூன்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் மேற்கே காவல் இருந்தால் கிழக்கே இறங்கின. தகரம் தட்டினால் தட்டி முடிக்கும்வரை பள்ளத்தில் பொறுத்திருந்தன.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, மறுபடி வந்தாள்.

“அண்ணா, நீங்க ஒரு தடவை வந்து பாக்கறீங்களா? எனக்குப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. புதுசாப் பாக்கறவங்களுக்குத் தெரியுமுங்க.”

அவர் போனார். முன்னே அவர் நடந்தார், பின்னால் அவள் வந்தாள். அவளுடைய பட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குறை சொல்ல ஒரு முடிச்சுக்கூட இல்லாத பட்டி. தட்டியின் அடியில் புல் முளைத்து நிஜமாகவே வேலிபோல ஆகியிருந்தது. இரண்டாவது முறையும் சுற்றினார். அவள் ஓரமாக நின்று, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

“தகடு வெயிலுக்கு மின்னுது,” என்றார். “அதுக்குத்தான் மெரளுதோ என்னமோ.”

மாராயி போய்த் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். துருப்பிடித்த பழைய தகடு. எங்கும் மின்னவில்லை. ஆனாலும் சாய்ந்து நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவர் சொன்னதற்காகவே அதில் மினுமினுப்பைத் தேடினாள்.

“நல்லாப் பாக்கக் கத்துக்கிட்டீங்க,” என்றாள். “எனக்குத் தோணவே இல்ல.”

அவர் வீடு திரும்பும்போது அவள் சாணியைக் கரைத்துக் கதவுக்குப் பூசிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை சாணி. உச்சி வெயில்.

அன்று சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் பொன்னாத்தா. கையைத் தட்டிவிட்டார்.

அவருடைய மக்காச்சோளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவு விழுந்த கரையில் அந்தக் கூட்டம் அதன்பிறகு காலே வைக்கவில்லை. கதிர் பால் பிடித்தது, மணி இறுகியது, மட்டை காய்ந்து வெளுத்தது. வரப்பில் நடந்தால் சலசலவென்று சத்தம் கேட்டது. இரண்டு வருடமாகக் கேட்காத சத்தம். அவருக்கு அது யாரோ பின்னால் நின்று பேசிக்கொள்வது மாதிரி இருந்தது.

டீக்கடையில் அப்புக்குட்டியே பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். பந்தி போட்டாலும் மச்சான் பயிரைக் காப்பாற்றிவிட்டார், பன்றி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றான். என்ன வித்தை அது, எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். அக்கரையில் சொல்லிக்கொடுத்தவள் கிழங்கு போகிறது, கற்றுக்கொண்டவர் சோளம் நிற்கிறது, குருவை மிஞ்சிய சீடன் என்று ஒருவர் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை.

நாச்சிமுத்து டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அதற்குப் பிறகு கடைக்குப் போகவில்லை.

அறுவடை ஆரம்பித்தது கதவு விழுந்த இருபதாம் நாள்.

முதல் மூட்டையைக் கட்டி முடித்ததும் பொன்னாத்தா அதற்கு மஞ்சள் தொட்டு வைத்தாள். வழக்கமாக முதல் மூட்டை கோயிலுக்குப் போகும். இந்த வருடம் அந்த அம்மிணிக்குத்தான் போக வேண்டும் என்றாள். இனித் திருப்பூர் பேச்சே இல்லை. அதற்கு அவள்தான் காரணம். பாவம், அவளுக்கே தோட்டம் போய்விட்டது, இந்த நேரத்தில் கொடுத்தால் உதவியாக இருக்கும். நீங்களே உங்கள் கையால் கொடுத்துவிட்டு வாருங்கள், ஆளிடம் கொடுத்து அனுப்பினால் மரியாதையாக இருக்காது.

மூட்டையைத் தூக்கி அவர் தலையில் வைத்ததும் பொன்னாத்தாதான்.

பள்ளத்தில் இறங்கினார். பாதியில் நின்றார். மூட்டையை இங்கேயே போட்டுவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று போய்ச் சொன்னால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் தாளவில்லை. மேட்டில் ஏறினார்.

மாராயியின் தோட்டம் உழுது போட்ட நிலம் மாதிரி கிடந்தது. குச்சிகள் சாய்ந்து வாடியிருந்தன. இன்னும் ஒரு மாதத்தில் தோண்ட வேண்டிய கிழங்கு, கடிபட்டும் மிதிபட்டும் மண்ணோடு கருத்துக் கிடந்தது. அவள் குத்தவைத்து உட்கார்ந்து, மாட்டுக்காவது ஆகுமா என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டியில் கம்பித் தட்டிகளைக் காணோம். பிரித்து ஓரமாக அடுக்கி, மேலே பழைய சாக்கைப் போட்டு மூடியிருந்தாள்.

அவர் மூட்டையை இறக்கினார்.

“என்னங்ணா இது?”

“பொன்னாத்தா குடுத்து உட்டா. மொத மூட்டை.”

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சந்தோஷம் என்றாள். உங்கள் பயிராவது நின்றதே என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவர் மூட்டையைப் பிடித்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தார்.

“கதவு உழுந்துச்சு, அம்மிணி.”

அவள் புரியாமல் பார்த்தாள். இன்றைக்கா என்று கேட்டாள்.

“இல்ல. நீ வந்து கேட்டயே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி.”



“எத்தன?” என்றாள்.

“நாலு. குட்டிங்க. அவுத்து உட்டுட்டேன்.”

“பெரியவ?”

“வெளியதான் நின்னுட்டிருந்தா. நாந்தான் பொறுக்கமாட்டாம உட்டுட்டேன்.”

“தகடு மின்னுதுன்னு சொன்னீங்க.”

“பொய்.”

மாராயி கையிலிருந்த கிழங்கைக் கூடையில் போட்டாள். அடுத்ததை எடுக்கக் குனிந்தவள், எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருவருக்கும் நடுவில் மஞ்சள் தொட்ட மூட்டை நின்றது.

திட்டுவாள் என்று காத்திருந்தார். மண்ணை வாரி இறைத்துச் சபிப்பாள் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது அவள் அவரைப் பார்க்கவே இல்லை. மடியில் மலர்த்தி வைத்திருந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப என் கையில தப்பில்ல,” என்றாள்.

அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இருபது நாளில் போனது கிழங்கு என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார்.

அவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அழுதாளா, வியர்வையா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு சாதாரணக் குரலில், நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“நேத்துக் கரட்டுப்புதூர்லருந்து ரெண்டு பேரு வந்தாங்க. கடலைக்காட்டுல பன்னி எறங்குதாமா. சொல்லிக்குடுன்னு கேட்டாங்க. எனக்கு இந்த வேலை தெரியாது, ஊர்ல சும்மா சொல்றாங்கன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்.”

நாச்சிமுத்து கையை ஊன்றி எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

“அவுங்க பேரென்னன்னு சொன்னாங்களா?”

“ஒருத்தர் பேரு செம்மலை. இன்னொருத்தர் அவரு தம்பி.”

“கரட்டுப்புதூருக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு? கதவு உழுந்ததைப் போயிச் சொல்லோணும்.”

மாராயி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பஸ்ஸெல்லாம் கெடையாதுங்ணா,” என்றாள். “நடந்துதான் போகோணும்.”